மணியக்காரர் சத்திரம்: கஞ்சித்தொட்டி முதல் முதியோர் இல்லம் வரை

மணியக்காரர் சத்திரம் என்பது வடசென்னையில் இராயபுரம் பகுதியில், ஸ்டான்லி அரசு மருத்துவமனையை ஒட்டி அமைந்துள்ள ஓர் அறநிலையம் ஆகும். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றும் இடமாக இது தோன்றியது. இன்று ஆதரவற்ற முதியோர் கட்டணமின்றித் தங்கும் இல்லமாக உள்ளது. சென்னையில் அமைப்பு முறையில் நடந்த அறப்பணிகளுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. ஸ்டான்லி மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் இச்சத்திரத்திலிருந்து கிளைத்தவையே.

முதியோர் எங்கே, எவருடைய பொறுப்பில், எத்தகைய வசதிகளுடன் வாழ்வது என்ற கேள்வி இன்று பலராலும் பேசப்படுகிறது. இக்கேள்விக்கு ஒரே ஊரில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிடைத்த விடைகளை மணியக்காரர் சத்திரத்தின் வரலாற்றில் காணலாம்.

பெயர்க் காரணம்

மணியம் என்பது ஊர் நிருவாகத்தைக் குறிக்கும் சொல். ஊரின் வரி, நிலம், காவல் ஆகியவற்றைக் கவனித்த ஊர்த் தலைவர் மணியக்காரர் எனப்பட்டார். பஞ்ச காலத்தில் இப்பகுதியின் மணியக்காரர் தம் தோட்டத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார் என்றும், அதனால் இப்பெயர் வந்தது என்றும் கூறுவர். ஆங்கிலேயர் நாவில் மணியக்காரர் 'மோனிகர்' ஆனது. ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இச்சத்திரம் 'மோனிகர் சவுல்ட்ரி' என்றே குறிக்கப்பட்டுள்ளது. சவுல்ட்ரி என்பது சாவடி என்னும் சொல்லின் திரிபு என்பர்.

பொதுவாகச் சத்திரங்கள் கட்டியவரின் பெயரையோ அவர் குடும்பத்தாரின் பெயரையோ தாங்கி நிற்கும். இச்சத்திரமோ ஒரு பதவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மக்கள் வழக்கில் இவ்விடத்திற்குக் 'கஞ்சித்தொட்டி' என்ற பெயரும் உண்டு. கஞ்சியை ஊற்றி வைக்கும் பெரிய தொட்டியால் வந்த பெயர் இது. பிற்காலத்தில் மருத்துவமனை வளர்ந்த பிறகும் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வடசென்னை மக்கள் அழைத்து வந்தனர்.

சத்திர மரபு

தமிழகத்தில் சத்திரம் என்பது வழிப்போக்கருக்கான இடம். திருத்தலங்களுக்குச் செல்லும் பெருவழிகளில் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் பல சத்திரங்களைக் கட்டினர். இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. சத்திரங்களில் உணவும் தங்க இடமும் கிடைத்தன. நோயுற்று வழியில் விழுந்தவருக்குக் குணமாகும் வரை மருத்துவமும் தரப்பட்டது.

மருத்துவ அறத்திற்கு இதைவிடப் பழைய சான்றும் உண்டு. காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றையும், அதன் மருத்துவர், பணியாளர், மருந்து வகைகள் ஆகியவற்றையும் விரிவாகக் கூறுகிறது.

இவை அனைத்திற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. வருபவர் சில நாள் இருந்துவிட்டுப் போய்விடுவார் என்பதே அது. வழிப்போக்கர் பயணத்தைத் தொடர்வார். நோயாளி குணமாகி வீடு திரும்புவார். முதுமை அத்தகையதன்று. முதியவர் வந்தால் இறுதிவரை இருப்பார். கூட்டுக் குடும்பமும் உறவும் ஊரும் அப்பொறுப்பை ஏற்றிருந்தமையால், முதியோருக்கெனத் தனி இடம் தேவை என்ற எண்ணம் மரபில் வலுவாக எழவில்லை. ஊரும் உறவும் ஒருசேரச் சிதைந்த காலத்தில்தான் அத்தேவை வெளிப்பட்டது. அத்தகைய காலம் 1780இல் வந்தது.

படையெடுப்பும் பஞ்சமும்

1780 சூலையில் மைசூரின் ஐதர் அலி பெரும்படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பெருந்தோல்வி அடைந்தது. போரினால் வயல்கள் அழிந்தன. ஏரிகளும் கால்வாய்களும் பராமரிப்பின்றிப் போயின. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. ஊர்களை விட்டு ஓடிய மக்கள் கோட்டையின் காவல் இருந்த சென்னையை நோக்கித் திரண்டு வந்தனர்.

உள்நாட்டில் விளைச்சல் இல்லாமையால் சென்னை கடல்வழி வரும் அரிசியையே நம்பியிருந்தது. அந்நாளில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நிற்க, மசூலாப் படகுகள் மூலம் பொருள்கள் கரை சேர்க்கப்பட்டன. வங்கக் கடலில் பிரெஞ்சுக் கடற்படையின் நடமாட்டம் அரிசி வரவைத் தடுத்தது. 1782 அக்டோபரில் அடித்த புயலில் அரிசி ஏற்றி வந்த கலங்கள் பல அழிந்தன. அப்போது மெக்கார்ட்னி பிரபு சென்னை ஆளுநராக இருந்தார்.

கருப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் வடக்கு மதிலுக்கு வெளியே அகதிகள் நிறைந்தனர். அம்மதிலின் எச்சம் ஒன்றை இன்றும் பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள மாடிப் பூங்காவில் காணலாம். மதிலுக்கு வடக்கே கஞ்சி ஊற்றும் இடம் அமைந்ததற்கு இதுவே காரணம். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருவோர் நகருக்குள் புகுமுன் தங்கிய வெளி அதுவே. கோட்டையிலிருந்த புனித மரியாள் ஆலயத்தாரும் நகரத்து வசதி படைத்தோரும் பொருள் திரட்டி உதவினர். பின்னர்க் கம்பெனி அரசும் இப்பணியில் பங்கேற்றது.

பஞ்சம் தணிந்ததும் உடலில் வலுவிருந்தோர் ஊர் திரும்பினர். சிலர் நகரிலேயே கூலி வேலை தேடிக்கொண்டனர். குடும்பத்தை இழந்த முதியோர், கண் தெரியாதோர், ஊனமுற்றோர், நோயாளிகள் ஆகியோருக்குத் திரும்பிச் செல்ல இடமில்லை. பஞ்ச நிவாரணம் முடிந்த பின்னும் சத்திரம் மூடப்படாமல் நிலைத்ததன் பொருள் இதில்தான் உள்ளது. பஞ்சத்துக்கு முடிவு உண்டு. ஆதரவின்மைக்கு அத்தகைய முடிவு இல்லை.

சத்திரத்தில் பிறந்த மருத்துவமனை

பட்டினியும் நோயும் சேர்ந்தே வருவன. ஆகவே கஞ்சி ஊற்றிய இடத்தில் மருந்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் உதவி மருத்துவர் இந்நாட்டு மக்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மருத்துவப் பணி சத்திரத்துடன் இணைந்தது. சத்திரத்தை ஒட்டித் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனையும் செயல்பட்டது.

காலப்போக்கில் மருத்துவமனை சத்திரத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. அங்கு மருத்துவப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. 1934 மார்ச் 27 அன்று அன்றைய சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி மருத்துவப் பள்ளியைத் தொடங்கி வைத்தார். 1936இல் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. இராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் இக்கல்லூரியைச் சார்ந்ததே. சர் சவலை இராமசாமி முதலியார் என்ற வள்ளலின் பெயரை அது தாங்கியுள்ளது.

நோயுற்றோர் மருத்துவமனைக்கும், மாணவர் கல்லூரிக்கும், தாய்மார் மகப்பேறு மனைக்கும் சென்றனர். பிரித்து எடுக்கப்பட்ட பணிகள் போக எஞ்சியிருந்தவர்கள் முதியோரே. இவ்வாறு யாரும் திட்டமிட்டுத் தொடங்காமலேயே, மணியக்காரர் சத்திரம் படிப்படியாக முதியோர் இல்லமாக மாறியது.

எவ்வளவு கஞ்சி போதும்?

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது சென்னையை நோக்கி மீண்டும் மக்கள் திரண்டனர். நகரில் அமைந்த நிவாரண முகாம்களுள் ஒன்று மணியக்காரர் சத்திரத்தில் இயங்கியது.

அப்பஞ்சத்தின்போது ஒரு முக்கிய விவாதம் நடந்தது. 1877 சனவரியில், இந்திய அரசால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் ஈடுபடும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு உணவு போதாது என்று அவர் வாதிட்டார். சில மாதங்களில் சென்னை அரசு அளவை உயர்த்தியது.

உதவி பெறும் ஒருவருக்கு உயிர் தரிக்கும் அளவு போதுமா, நலமாக வாழும் அளவு வேண்டுமா என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள். அன்று தானியத்தின் எடையில் நடந்த இவ்விவாதம், இன்று ஓய்வூதியத் தொகையிலும் முதியோர் இல்லத்தின் வசதிகளிலும் தொடர்கிறது.

உழைப்பாளர் நகரமும் முதுமையும்

1856 சூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை ஓடியது. 1875இல் சென்னைச் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே கால அளவில் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் எழுந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று அவ்வாலைத் தொழிலாளரை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. நாட்டு விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு நிறுவனமும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரில் அனல்மின் நிலையமும் அமைந்தன.

வெளியூர்களிலிருந்து வேலை தேடி வந்தோரால் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் நிறைந்தன. உழைக்கும் வயதில் வந்த இவர்கள் இங்கேயே முதியவர் ஆயினர். ஆனால் எல்லாருடைய முதுமையும் ஒன்றுபோல் அமையவில்லை.

துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் நிரந்தரப் பணியாளருக்கு ஓய்வூதியம் இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த துறைமுகத் தொழிலாளர் வாரியம், நாள்தோறும் வேலை தேடி நின்ற தொழிலாளரைப் பதிவு செய்து பாதுகாப்பு அளித்தது. பெரிய ஆலைகளில் பணியாற்றியோருக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி வருங்கால வைப்பு நிதி கிடைத்தது. மூட்டை தூக்கியோர், மீன் கூடை சுமந்த பெண்கள், வலை பின்னியோர், வண்டி இழுத்தோர், ஒப்பந்தக் கூலிகள் ஆகியோருக்கு நெடுங்காலம் எதுவும் இல்லை. 1982இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே பின்னாளில் நலவாரியங்கள் அமைந்தன.

1980களில் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் வந்ததும், பலர் கையால் செய்த வேலையைப் பாரந்தூக்கி இயந்திரங்கள் செய்தன. 1996இல் பக்கிங்காம் கர்னாடிக் ஆலை மூடப்பட்டது. 2017இல் எண்ணூர் அனல்மின் நிலையம் நிறுத்தப்பட்டது. உடல் உழைப்பை மட்டுமே நம்பியிருந்தவருக்கு வேலை நிற்கும் நாளே முதுமை தொடங்கும் நாளாகிவிடுகிறது.

வீடு அமைந்த விதமும் முதுமையைப் பாதிக்கிறது. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட பின், குடிசைகள் இருந்த இடங்களில் மூன்று, நான்கு அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. தீயும் மழையும் அஞ்சாமல் வாழ அவை உதவின. எனினும் அக்கால அடுக்குக் குடியிருப்புகளில் மின்தூக்கி கிடையாது. இளமையில் மேல் தளத்தில் வீடு பெற்றவருக்கு மூட்டுவலி வந்த பின் படிக்கட்டே சிறைக் கதவாகிறது. 2000க்குப் பின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் முதியோர், பழகிய கடைத்தெரு, கோயில், மருத்துவமனை ஆகியவற்றையும் விட்டுச் செல்ல நேர்ந்தது.

ஓய்வூதியம்

இந்திய அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, முதுமையிலும் நோயிலும் அரசின் உதவி பெறுவதை அரசுக் கொள்கையின் வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயுடன் முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 1995 ஆகஸ்டு 15 முதல் மத்திய அரசும் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாட்டில் இத்தொகை 2011இல் 1000 ரூபாயாகவும், 2023இல் 1200 ரூபாயாகவும் உயர்ந்தது. 60 முதல் 79 வயது வரையிலானவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். எஞ்சியதை மாநில அரசு ஏற்கிறது.

தனியார் ஆலைத் தொழிலாளருக்கு 1995 நவம்பர் முதல் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. கையில் வரும் இத்தொகை ஒரு முதியவருக்கு வீட்டில் ஓரளவு மதிப்பைத் தருகிறது. மருந்துக்கும் தேநீருக்கும் பிறரிடம் கையேந்தாமல் இருக்க உதவுகிறது. ஆனால் தனியாக ஓர் அறைக்கு வாடகை கொடுத்து, உண்டு, மருத்துவம் பார்த்துக்கொள்ள இது போதாது.

உலகில் முதியோர் குடியிருப்புகள்

ஐரோப்பாவிலும் முதியோர் இல்லங்கள் அறநிலையங்களாகவே தொடங்கின. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யாக்கோப் ஃபுகர் என்னும் வணிகர் 1521இல் ஏழைகளுக்காக ஃபுகரை என்ற குடியிருப்பை அமைத்தார். அது இன்றும் இயங்குகிறது. அதன் ஆண்டு வாடகை ஒரு யூரோவிற்கும் குறைவு. பிரான்சில் ழான் ழுகான் என்னும் பெண்மணி 1839இல் பார்வையிழந்த ஒரு மூதாட்டிக்குத் தம் படுக்கையைக் கொடுத்துத் தொடங்கிய பணி, 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற துறவற சபையாக வளர்ந்தது. அச்சபையினர் 1882இல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் இல்லத்தைத் தொடங்கினர்.

சென்னையில் 1812இல் தோன்றிய 'ஃபிரெண்ட் இன் நீட்' சங்கம், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோருள் வறியோருக்கு உதவியது. 1978இல் சாவித்திரி வைத்தி அவர்கள் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக விச்ராந்தி இல்லத்தைச் சென்னையில் தொடங்கினார்.

பணம் செலுத்தி வாழும் முதியோர் குடியிருப்பு வேறொரு மரபில் வந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1960 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட சன் சிட்டி அதற்கு ஒரு முன்மாதிரி. ஓய்வு பெற்றோர் வீடு வாங்கி, விளையாட்டு, பொழுதுபோக்கு, நட்பு ஆகியவற்றுடன் வாழும் நகரமாக அது விளம்பரப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2000க்குப் பின் இவ்வகைக் குடியிருப்புகள் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு பெருகின. பிள்ளைகள் வெளிநாடு சென்ற நடுத்தர, உயர் நடுத்தரக் குடும்பத்தினர் இவற்றை நாடினர். பின்னர்ச் சென்னையின் தெற்கு, தென்மேற்குப் புறநகர்களிலும் இவை எழுந்தன.

இன்றைய தங்கல் முறைகளும் வசதிகளும்

முதியோருக்கான தங்குமிடங்களை அவர்களின் உடல்நிலையைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பர்.

முதலாவது, தற்சார்புக் குடியிருப்பு. தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் முதியோர் தனி வீட்டில் வாழ்வர். சமையல், தூய்மைப் பணி, காவல் ஆகியவற்றை நிருவாகம் கவனிக்கும். இரண்டாவது, உதவியுடன் கூடிய குடியிருப்பு. குளிக்க, உடுக்க, மருந்து உட்கொள்ள உதவியாளர் இருப்பர். மூன்றாவது, முழுநேரப் பராமரிப்பு இல்லம். படுக்கையில் இருப்போரும், மறதி நோய் உற்றோரும் செவிலியர் கவனிப்பில் இருப்பர்.

பணம் செலுத்தும் முறையிலும் வேறுபாடு உண்டு. சில இடங்களில் வீட்டை விலைக்கு வாங்கலாம். சில இடங்களில் முன்பணம் செலுத்திக் குத்தகை முறையில் தங்கலாம். சில இடங்களில் மாத வாடகை மட்டும் செலுத்தலாம். வாங்கும் வீட்டிற்கும் மாதப் பராமரிப்புக் கட்டணம் தனியே உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2019இல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வழுக்காத தரை, சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம், மின்தூக்கி, குளியலறையில் கைப்பிடிக் கம்பி, போதிய வெளிச்சம், அவசர உதவி ஏற்பாடு, மருத்துவ வசதி ஆகியவை இத்தகைய இல்லங்களுக்கு இன்றியமையாதன. இவற்றுள் பல ஆடம்பரமானவை அல்ல. முதுமையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பலருக்குப் பழையபடி நடமாடுவது கடினம். ஒரு கைப்பிடிக் கம்பியின் மதிப்பு அதன் விலையில் இல்லை.

இப்பட்டியலை மணியக்காரர் சத்திரத்தின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உணவு, கூரை, அருகில் மருத்துவர், பேச்சுத் துணைக்குச் சக வயதினர் ஆகிய நான்கும் எல்லா முதியோர் குடியிருப்புகளுக்கும் அடிப்படை. சத்திரத்தில் முதலில் உணவும், பின்னர்க் கூரையும், அதன்பின் மருத்துவமும் வந்து சேர்ந்தன. பெரிய அரசு மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவில் இருப்பது, கட்டணக் குடியிருப்புகள் பலவற்றுக்கும் வாய்க்காத வசதி.

முதியோர் மருத்துவத்திலும் சென்னைக்கு முன்னோடி இடம் உண்டு. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. மருத்துவர் வ. செ. நடராசன் இதற்குக் காரணமானவர். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கிறது. படியிறங்க இயலாத முதியோருக்கு இது பெரும் உதவி.

உதவியிலிருந்து உரிமைக்கு

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009இல் வெளியாயின. இச்சட்டத்தின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரும் மூத்த குடிமக்களும் பிள்ளைகளிடமோ, தம் சொத்தை அடையும் உறவினரிடமோ பராமரிப்புத் தொகை கோரலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. சட்டம் குறிப்பிடும் உச்ச அளவு மாதம் 10,000 ரூபாய். பராமரிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், 23ஆம் பிரிவின்படி அப்பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரலாம்.

19ஆம் பிரிவு முதியோர் இல்லங்களைப் பற்றியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய ஓர் இல்லத்தையேனும் மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்று அது கூறுகிறது. 'அமைக்க வேண்டும்' என்று கூறாமல் 'அமைக்கலாம்' என்று கூறுவதால் இப்பிரிவின் வலிமை குறைந்துவிட்டது என்பது சட்டம் அறிந்தோர் பலரின் கருத்து. 20ஆம் பிரிவு அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசையும் இயன்றவரை படுக்கை வசதியும் வேண்டும் என்கிறது.

சத்திரத்தில் கஞ்சி பெற்றவர் அதனை உரிமையாகக் கேட்க முடியாது. கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தால் உண்டு. சட்டம் வந்த பின் முதியவர் மனுதாரர் ஆகிறார். இது பெரிய மாற்றம். எனினும் பெற்ற பிள்ளை மீது மனு கொடுக்கப் பல பெற்றோர் முன்வருவதில்லை. பிள்ளையே நாள்கூலியாக இருக்கும் வீட்டில் தீர்ப்பாயம் உத்தரவிட்டாலும் கொடுக்கப் பணம் இருக்காது. பிள்ளையும், சொத்தை அடையும் உறவினரும் இல்லாதவர் எவர் மீதும் மனு கொடுக்க முடியாது. இவர்களுக்கெல்லாம் 19ஆம் பிரிவே எஞ்சிய வழி.

இடையில் நிற்பவர்கள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்திய சராசரி 8.6 விழுக்காடு. 2031இல் தமிழ்நாட்டில் இவ்விகிதம் 18 விழுக்காட்டை எட்டும் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் முதியவராக இருப்பார்.

வடசென்னையின் துறைமுக, ஆலைப் பகுதியில் இம்முதியோரை மூன்று நிலைகளில் காணலாம். ஓய்வூதியமும் சொத்தும் உடையவர் விரும்பினால் கட்டணக் குடியிருப்புக்குச் செல்லலாம். ஆனால் அக்குடியிருப்புகள் பெரும்பாலும் நகரின் மறுபக்கத்தில், அவர் வாழ்ந்த தெருவிலிருந்து வெகு தொலைவில் உள்ளன. முற்றிலும் ஆதரவற்றவருக்குச் சத்திரம், மாநகராட்சிக் காப்பகங்கள், தொண்டு நிறுவன இல்லங்கள் ஆகியவை உள்ளன. இவ்விரு நிலைக்கும் இடையில் நிற்பவரே தொகையில் மிகுதி. ஓர் ஆலையில் முப்பது ஆண்டு உழைத்து, சிறு ஓய்வூதியம் பெற்று, மகன் வீட்டின் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் முதியவர் இவ்வகையினர். அவர் ஆதரவற்றவர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். கட்டணக் குடியிருப்பின் முன்பணம் அவருக்கு எட்டாது.

இவர்களுக்கு வேண்டுவது பெரும்பாலும் புதிய இல்லம் அன்று. தரைத்தளத்தில் வீடு ஒதுக்கீடு, குளியலறையில் கைப்பிடி, பகல் நேரத்தில் உட்கார்ந்து பேசவும் உண்ணவும் ஒரு பொது இடம், மகனும் மருமகளும் வேலைக்குச் செல்லும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒரு பகல்நேரக் காப்பகம் ஆகியவை அவர்களைத் தம் தெருவிலேயே நலமாக வாழச் செய்யும். சத்திர மரபில் இதற்கு வழி உண்டு. ஊருக்கு நடுவே, எவரும் வந்து உண்டு இளைப்பாறிச் செல்லும் இடமாகவே சத்திரம் இருந்தது.

1782இல் பெயர் தெரியாத அகதிகளுக்காக வைக்கப்பட்ட தொட்டியிலிருந்து ஒரு மருத்துவமனையும் ஒரு மருத்துவக் கல்லூரியும் ஒரு முதியோர் இல்லமும் தோன்றின. அம்மருத்துவமனைக்கு இன்று நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர். அதன் பெயரைத் தமிழகமே அறியும். அதை ஒட்டியுள்ள சத்திரத்தை அறிந்தோர் சிலரே. வடசென்னையில் முதியோருக்கான ஏற்பாடுகளைத் திட்டமிடுவோரும், உள்ளூர் வரலாறு பயிலும் மாணவரும் முதலில் சென்று காண வேண்டிய இடங்களுள் மணியக்காரர் சத்திரமும் ஒன்று.